பிஆர்சிஏ யூதர்களின் பிரச்சினைதானே, லாஸ் ஏஞ்சலஸில் வாழும் மெக்சிகோக்காரர்களுக்கு எதற்கு அதைப் பற்றி வகுப்பு என்று கேட்கிறீர்கள்.

மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ பிறழ்வு, அதாவது பிஆர்சிஏ என்ற மரபணுக்களில் வரும் மாற்றம், யூதர்களிடம் அதிகம் என்பது சரி. அவர்களிடம் மட்டும்தான் என்பது தவறு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தென்பகுதியில் உள்ள சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வாழும் ஸ்பானிய வம்சாவளிக் குடும்பங்களிலும், அஷ்கெனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்கள்) காணப்படும் அதே பிறழ்வு இருப்பதாக 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. மதம் மாறு, இல்லையென்றால் வெளியேறு என்று 1492-இல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியதே, அப்போது கத்தோலிக்கர்களாக மாறியவர்களின் வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். மெக்சிகோ வம்சாவளியினரிடமே பெரும்பாலும் காணப்படும் இன்னொரு பிறழ்வும் உண்டு. பிஆர்சிஏ1 மரபணுவில் 9 முதல் 12 வரையுள்ள பகுதிகள் அப்படியே காணாமல் போயிருக்கும். மரபணுவைப் புத்தகமாக நினைத்தால், எழுத்துப் பிழை மட்டும் தேடிய பழைய சோதனைகள், பக்கமே கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

நான் லாஸ் ஏஞ்சலஸில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். வகுப்பெடுப்பது என்னைப் போன்றவர்கள் இல்லை, ப்ரொமோத்தோராக்கள். அதே தெருவில் குடியிருந்து, பயிற்சி பெற்று, ஸ்பானிய மொழியில் பேசும் அக்காக்கள். தேவாலயக் கூடத்தில் ஆளுக்கொரு தாள் கொடுத்துக் குடும்ப மரம் வரையச் சொல்வார்கள்: பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், புற்றுநோய் வந்தவருக்குக் கறுப்பு. பெரும்பாலும் அம்மா பக்கம் நிரம்பிவிடும், அப்பா பக்கம் காலி. "மார்பகம் பெண்கள் சமாச்சாரம், அப்பாவைக் கேட்டு என்ன?" என்பார்கள். அப்பாவிடம் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொன்னதும் கூடம் கொஞ்சம் அமைதியாகும். அப்புறம் அங்கிருந்தே மெக்சிகோவின் புவெப்லாவில் இருக்கும் அத்தைக்குப் போன் போகும். "வயிற்று வலியில் செத்தாள்" என்று வீட்டில் சொல்லிவந்த பாட்டிக்கு உண்மையில் என்ன நோய் என்று விசாரிப்பார்கள்.

வகுப்புக்கு வரும் இந்த மெக்சிகோக்காரர்கள் எல்லாவற்றையும் கடவுள் மேல் போட்டுவிடுவார்கள் என்று சில கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவர்கள் கேட்பது, சோதனைக்கு எவ்வளவு செலவாகும், முதலாளிக்குத் தெரியுமா, காப்பீடு போய்விடுமா என்றுதான். மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டு கினா சட்டப்படி, மரபணு முடிவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்கவோ வேலையிலிருந்து நீக்கவோ பொதுவாக முடியாது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இதை மறைக்காமல் சொன்னால்தான் மற்றதையும் நம்புகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காகவும் கேட்கிறீர்கள் என்றால், முடிந்தவரை முதலில் சோதிக்க வேண்டியது ஏற்கெனவே புற்றுநோய் வந்தவரை. அவரிடம் பிறழ்வு தெரிந்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் பெரும்பாலும் போதும்.