சிவப்புப் பெட்டியா, புதிய புத்தகமா? ஒரே மேசையில் மூன்று பதிப்புகள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்தை விளையாடத் தொடங்கியிருக்கிறோம். என் மாமா வெளிநாட்டில் படித்த காலத்தில் வாங்கிய, 1983 என்று அச்சிட்ட சிவப்புப் பெட்டி என்னிடம் இருக்கிறது. ஒரு நண்பனிடம் 2014-இல் வந்த ஆட்டக்காரர் கையேடு இருக்கிறது. இன்னொருவன் 2024 புத்தகத்தை வாங்கிவிட்டான். மூன்றிலும் விதிகள் வேறு வேறாக இருக்கின்றன. போன முறை ஆர்மர் கிளாஸ், அதாவது ஒருவனுடைய கவசத்தின் வலுவைக் காட்டும் எண், ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. எதை வைத்து விளையாடுவது? கலந்து விளையாடலாமா? புதிய புத்தகங்களை எல்லோரும் வாங்கியே ஆகவேண்டுமா? பெட்டிக்குள் ஒரு சிறிய மெழுகுக் கிரேயான் இருக்கிறது, அது எதற்கு?

பதில்: முதலில் அந்த ஒரு மணி நேர வாக்குவாதத்தை முடித்துவைக்கிறேன். உங்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. சிவப்புப் பெட்டியில் எண் குறையக் குறையக் கவசம் வலுவானது. கவசமே அணியாதவனுக்கு 9, இரும்புத் தகட்டுக் கவசத்தோடு கேடயமும் ஏந்தியவனுக்கு 2. மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தபோது இந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார்கள். அன்று முதல் வெறும் உடம்புக்கு 10, அதற்கு மேல் எண் ஏற ஏறப் பாதுகாப்பு.

பெட்டியில் உள்ள கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆர்மர் கிளாஸ் 6. சராசரி பலம் உள்ள முதல் லெவல் வீரன் வாளை வீசினால், இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பெட்டிப் புத்தகம் இதற்கு ஓர் அட்டவணை தருகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் புரட்ட வேண்டாம். 19-இலிருந்து எதிரியின் எண்ணைக் கழித்தால் வேண்டிய எண் கிடைத்துவிடும். பெட்டி மூன்றாம் லெவல் வரைதான் போகிறது, அதுவரை எல்லா வகைக் கதாபாத்திரத்துக்கும் இந்தக் கழித்தல் பொருந்தும். 2014 புத்தகக் கோப்ளினுக்கோ ஆர்மர் கிளாஸ் 15. ஆனால் பலம் 16 உள்ள வீரன் பகடையில் விழுந்ததோடு 5 கூட்டிக்கொள்கிறான். 10 விழுந்தாலே அடி படும். பழைய வீரன் நூற்றுக்கு நாற்பது முறை அடிக்கிறான், புதியவன் ஐம்பத்தைந்து முறை. கூட்டலும் கழித்தலும் அரை மணி நேரத்தில் பழகிவிடும். அதற்காக ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுக்கவோ தள்ளவோ வேண்டாம்.

பெட்டியில் 1983 என்று இருப்பதால் அதை 'முதல் பதிப்பு' என்று உங்கள் குழு நினைத்திருக்கலாம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த ஆட்டம் 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் எழுதிய மூன்று சிறு புத்தகங்கள், ஒரு பெட்டி. 1977 முதல் அது இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒன்று 'அட்வான்ஸ்டு' என்ற பெரிய கிளை. முதல், இரண்டாம் பதிப்பு என்று எண்ணிக்கை ஏறியதெல்லாம் அந்த வழியில்தான். மற்றது 'பேசிக்' என்ற எளிய கிளை. அதை 1981-இல் ஒரு முறையும், 1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் கையால் இன்னொரு முறையும் திருத்தி எழுதினார்கள். உங்கள் பெட்டி அந்த இரண்டாவது திருத்தம். ஆகவே பழைய 'அட்வான்ஸ்டு' புத்தகம் எங்காவது கிடைத்தால், பெட்டியோடு அப்படியே பொருந்தும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். நெருங்கிய உறவுதான், ஆனால் வீடு வேறு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். எந்தப் பதிப்பை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டே இடங்கள். கதாபாத்திரம் எப்படிச் சாகிறது? எதைச் செய்தால் லெவல் ஏறுகிறது? இந்த இரண்டையும் படித்துவிட்டால், அந்த மேசையில் உட்காருபவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று புத்தகத்தின் மற்ற பக்கங்களைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

சிவப்புப் பெட்டியில் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, பூஜ்யத்தைத் தொட்டால் மரணம். முதல் லெவல் மந்திரவாதிக்கு நான்கு முகப் பகடை ஒன்றை உருட்டி ஹிட் பாயிண்ட் தருகிறார்கள். ஒன்று விழுந்தால் ஒன்றுதான். ஒரு முழு நாள் படுத்து ஓய்வெடுத்தால் ஒன்று முதல் மூன்று புள்ளி திரும்ப வரும். 2014 விதியில் பூஜ்யம் என்றால் மயக்கம் மட்டுமே. தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை விழுந்தால் பிழைத்துக்கொள்வான், குறைவாக மூன்று முறை விழுந்தால் சாவான். இடையில் தோழன் ஒரு சிறு குணப்படுத்தும் மந்திரம் சொன்னாலும் எழுந்து நின்றுவிடுவான். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் ஹிட் பாயிண்ட் முழுவதும் நிறைந்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் மேசையில் பெட்டி விதிகளை வைத்து ஆட்டம் நடத்தினேன். புதிதாக வந்த பெண் ஒருவர் தன் மந்திரவாதிக்கு இரண்டு பக்கம் முன்கதை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஹிட் பாயிண்ட் 2. நிலவறையின் முதல் கதவைத் தானே தள்ளித் திறந்தார். உள்ளிருந்து ஓர் அம்பு. பகடையில் 17 விழுந்தது, சேதம் 4. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அந்த இரண்டு பக்கத்தையும் மெதுவாக மடித்துப் பையில் வைத்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி, ஐந்தே நிமிடத்தில் ஒரு திருடனை உருவாக்கினார். அடுத்த அறையில் சிறைப்பட்டிருந்தவனாக அவனைக் கதைக்குள் சேர்த்தேன். அன்று மாலை முழுவதும் அந்தத் திருடன் பத்தடிக் கழியால் தரையைத் தட்டாமல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கதவருகே காது வைத்துக் கேட்டான். விளக்கெண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிக்கொண்டே வந்தான். யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை; விதி சொல்லிக்கொடுத்தது. அதே குழுவோடு பின்னர் 2014 விதிகளில் ஆடியபோது கழியை யாரும் வாங்கவே இல்லை. கதவை உதைத்துத் திறந்தார்கள், வில்லனிடம் வீர வசனம் பேசினார்கள், அந்த முன்கதைகளுக்கு மாதக்கணக்கில் வளர இடம் கிடைத்தது. இரண்டும் எனக்குப் பிடித்த ஆட்டங்கள்.

லெவல் ஏறும் கணக்கு இதைவிடத் தெளிவாகப் பேசும். பெட்டியில் ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 அனுபவப் புள்ளி. வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 வேண்டும். சண்டையை மட்டும் நம்பினால் ஒரே ஆளுக்காக 400 கோப்ளின்களைக் கொல்ல வேண்டும்! 2014-இல் ஒரு கோப்ளினுக்கு 50 புள்ளி, இரண்டாம் லெவலுக்கு 300. ஆறு கோப்ளின் போதும். பெட்டி அப்படியானால் எங்கிருந்து புள்ளி தருகிறது? புதையலிலிருந்து. வெளியே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ஆகவே சண்டை என்பது அங்கே நஷ்டம். காவலனை ஏமாற்றலாம், லஞ்சம் கொடுக்கலாம், பின்வாசல் தேடலாம். வாளை உருவாமல் பெட்டகத்தைத் தூக்கி வந்தவனே கெட்டிக்காரன். 2014 விதியில் சண்டைதான் மேடை. கதாபாத்திரத்தின் திறமைகளில் பெரும்பகுதி சண்டைக்காகவே எழுதப்பட்டிருக்கின்றன, அதைச் சுவையாகவும் செய்திருக்கிறார்கள்.

உங்கள் ஐவரில் கதாபாத்திரத்தோடு ஒன்றிப்போய் அதன் கதையை வளர்க்க விரும்புகிறவர்கள் அதிகமா, நிலவறையைப் புதிர்போல அவிழ்க்க விரும்புகிறவர்கள் அதிகமா? இதை நீங்கள் ஐவரும் பேசி முடிவு செய்யுங்கள். முன்னது என்றால் 2014 அல்லது 2024. பின்னது என்றால் பெட்டி. நீங்கள் இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதால், கையில் உள்ள 2014 புத்தகத்தோடு நீண்ட கதையை நடத்துங்கள், பெட்டியைத் தனியாக நான்கு ஞாயிறு ஆடிப் பாருங்கள் என்பது என் யோசனை. இரண்டையும் ஒரே கதைக்குள் கலக்க வேண்டாம். பூஜ்யத்தில் சாகும் மந்திரவாதியும் பூஜ்யத்திலிருந்து எழுந்து வரும் மந்திரவாதியும் ஒரே கூட்டத்தில் நடந்தால் ஒருவருக்கு மனத்தாங்கல் நிச்சயம்.

பழைய பெட்டிக் காலத்துச் சாகசங்களைப் புதிய விதியில் நடத்த ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யலாம். எண்களை மாற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். அறையில் கோப்ளின் என்று எழுதியிருந்தால் உங்கள் புத்தகத்தில் உள்ள கோப்ளினை அப்படியே வைத்துவிடுங்கள். ஆனால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பழைய சாகசங்களில் ஓர் அறைக்குள் கூட்டமாக எதிரிகள் இருப்பது, ஆட்டக்காரர்கள் ஓடுவார்கள், பேரம் பேசுவார்கள், கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான். பொற்காசையும் குறைக்க வேண்டும். பெட்டியில் தகட்டுக் கவசத்தின் விலை 60 பொற்காசு, 2014-இல் 1,500. பழைய புதையலை அப்படியே கொட்டினால் உங்கள் வீரன் முதல் வாரத்திலேயே அந்தக் கவசத்தை வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். நான் பத்தில் ஒரு பங்கு வைப்பேன்.

பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விதி உண்டு என்றால் அது மன உறுதி எண். ஒவ்வொரு மிருகத்தின் விவரத்திலும் அது அச்சிடப்பட்டிருக்கும், கோப்ளினுக்கு 7. கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும், பாதிப் பேர் விழுந்ததும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுங்கள். 7-ஐத் தாண்டினால் மிச்சமிருப்பவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். ஏறக்குறைய ஐந்தில் இரண்டு முறை அப்படி நடக்கும். புதிய பதிப்புகளில் கடைசிக் கோப்ளின் வரை வெட்டிக்கொண்டே இருக்கும் அலுப்பு இந்த ஒன்றால் தீரும்.

2014-ஐயும் 2024-ஐயும் கலப்பது வேறு விஷயம். பதிப்பகம் 2024-ஐ ஆறாம் பதிப்பு என்று சொல்லவில்லை, ஐந்தாம் பதிப்பின் திருத்தம் என்கிறது. 2014 சாகசங்களை 2024 விதியில் நடத்தலாம் என்பது உண்மைதான். சிக்கல் கதாபாத்திரங்களில் வருகிறது. முன்பு எல்ஃப், குள்ளர் போன்ற இனத்தைப் பொறுத்து வந்த திறன் கூடுதல் இப்போது கதாபாத்திரத்தின் பின்னணித் தொழிலிலிருந்து வருகிறது. பழைய புத்தகத்து இனமும் புதிய புத்தகத்துப் பின்னணியும் எடுத்துக்கொண்டால் இரண்டு முறை கூட்டிவிடுவார்கள்; இனத்தின் கூடுதலை விட்டுவிட வேண்டும். 2024 வீரனுக்கு ஆயுத நுணுக்கம் என்று புதிதாக ஒரு திறமை உண்டு, அடிபட்ட எதிரியைக் கீழே தள்ளுவதுபோல. பக்கத்தில் 2014 வீரன் உட்கார்ந்திருந்தால் அவன் வாடிப்போவான். பெயர் ஒன்றாக இருந்தும் எண் மாறியவை இன்னும் தொல்லை. காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரம் 2014-இல் ஓர் எட்டுமுகப் பகடை, 2024-இல் இரண்டு. இரு புத்தகமும் மேசையில் திறந்திருந்தால் அடுத்த ஒரு மணி நேர வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும். ஆட்டக்காரர் விதிக்கு ஒரே புத்தகம் என்று முடிவு செய்துவிட்டு மற்றதை மூடி வையுங்கள்.

எல்லோரும் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைப் பதிப்பகமே 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டது. 2024 திருத்தத்துக்கான தொகுப்பும் 2025-இல் அதே உரிமத்தில் வந்தது. இலவசமாகத் தரவிறக்கலாம், அச்செடுத்து ஐந்து பேரும் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு, அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி: மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அந்தத் தொகுப்பைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடவும் உரிமம் இடம் தருகிறது. கையில் பணம் இருந்தால் ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் மட்டும் மிருகங்களின் புத்தகம் ஒன்றை வாங்கட்டும்.

வேறு பதிப்புகளைப் பற்றியும் யாராவது உங்களிடம் பேசக்கூடும். மூன்றாம் பதிப்பும் 2003-இல் அதன் திருத்தமான 3.5-உம் கதாபாத்திரத்தைக் கூட்டிக் கழித்துச் செதுக்குவதில் இன்பம் காண்பவர்களுக்கானவை. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு கட்டம் போட்ட பலகையில் ஆடும் போர்த்தந்திர ஆட்டம், மற்றவற்றோடு ஒட்டாது. இதே வகையைச் சேர்ந்த வேறோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் அனுமதியோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு முறைக்கு மூன்று செயல் என்ற அதன் ஒழுங்கு அழகானது, ஆனால் படிக்க நிறைய உண்டு. பெட்டி ஆட்டம் பிடித்துப்போய் மூன்றாம் லெவலைத் தாண்ட விரும்பினால், 1981 விதிகளைத் தெளிவாக மறுபடி தொகுத்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் போதும். பெட்டிக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு.

கடைசியாக அந்தக் கிரேயான். அன்று பெட்டியோடு வந்த பகடைகளில் எண்கள் பள்ளமாக வெட்டப்பட்டிருக்குமே தவிர, மை நிரப்பியிருக்காது. ஒவ்வொரு முகத்திலும் கிரேயானை அழுத்தித் தேயுங்கள், பிறகு பழைய துணியால் மேற்பரப்பைத் துடையுங்கள். பள்ளத்தில் படிந்த மெழுகு மட்டும் நிற்கும், எண் பளிச்சென்று தெரியும். நாற்பது ஆண்டு ஆன மெழுகு உடையக்கூடியது; உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றிவிட்டுத் தேயுங்கள். உங்கள் மாமா அதைப் பயன்படுத்தவே இல்லை என்றால், முதல் பகடையை அவர் கையில் கொடுங்கள்.