சட்டைக்கு அரை டாலர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் கொலராடோ தங்க வேட்டை பற்றிய கட்டுரையில் மண்ணை வெட்டியவர்களை நாலு வரியில் முடித்துவிட்டு, சென்ட்ரல் சிட்டியில் துணி வெளுத்த கிளாரா பிரவுனுக்குப் பாதிக் கட்டுரையைக் கொடுத்துவிட்டீர்கள். அவரை முன்னோடி என்பது மிகை இல்லையா? ஒரு சட்டை துவைக்க அரை டாலர் என்பதும் நம்பும்படி இல்லை.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்,

முதலில் கூலி. அரை டாலர் அன்று பெரிய காசுதான். 1861-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்குப் படைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். 26 சட்டை துவைத்தால் அது கைக்கு வந்துவிடும். ஆனால் அங்கே துவைப்பது லேசான வேலையில்லை. 1859 மே மாதம் ஜான் கிரெகரி தங்கம் கண்ட அந்தப் பள்ளத்தாக்கு 2,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். அண்டா தளதளவென்று கொதிக்கும், அழுக்கு மட்டும் விடாது. ஓடைத் தண்ணீரோ தங்கம் அரிப்பவர்கள் கலக்கிவிட்ட சேறு. சோப்பு மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து சேரவேண்டும். டென்வருக்கு ரயில் வந்ததே 1870-ல்தான். போதாததற்கு அது ஆண்கள் மட்டுமே மண்டிய ஊர். வீட்டில் யாரும் கணக்கில் எழுதாத வேலைக்கு அங்கே விலை பிறந்தது.

வெட்டியவர்களைச் சுருக்கமாக முடித்ததற்குக் காரணம், அவர்களில் நிறையப் பேர் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள் என்பதுதான். மேலாக இருந்த, மக்கிய பாறையின் தங்கத்தைப் பாதரசம் பிடித்துக் கொடுத்தது. ஆழம் போகப் போகத் தங்கம் கந்தகத் தாதுக்குள் சிக்கியிருந்தது; பாதரசத்துக்கு அது வசப்படவில்லை. 1868-ல் பக்கத்து பிளாக் ஹாக்கில் நதானியேல் ஹில்லின் உருக்காலை ஓடத் தொடங்கும்வரை ஊர் தள்ளாடியது. கிளாரா போகவில்லை. துவைத்த காசை மனையிலும் சுரங்கப் பங்குகளிலும் போட்டார். நோயில் விழுந்தவர்களுக்கு அவர் வீடுதான் ஆஸ்பத்திரி, ஞாயிறுகளில் அதுவே ஜெபக்கூடம்.

அங்கே அவர் வந்து சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கிளாரா அடிமையாக இருந்தவர். 1835-ல் ஏலத்தில் கணவரையும் பிள்ளைகளையும் தனித்தனியே விற்றுவிட்டார்கள். எஜமான் இறந்து விடுதலை கிடைத்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. விடுதலையானவர் கென்டக்கியில் தங்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். 1859-ல் ஒரு வண்டிக் கூட்டத்துக்குச் சமைத்துப்போட ஒப்புக்கொண்டு, பெரும்பாலும் நடந்தே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வந்தார்.

ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். கொலராடோ வந்த ‘முதல் கறுப்பினப் பெண்’ என்று அடித்து எழுதியிருந்தேன். ‘முதலில் வந்தவர்களில் ஒருவர்’ என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த மலைகள் பூர்வகுடிகளான யூட் மக்களுடையவை என்பதையும் விட்டுவிட்டேன். முன்னோடி என்ற சொல்லில் எனக்கிருக்கும் உறுத்தல் அந்த இடத்தில்தான், சலவையில் இல்லை.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் கிளாரா மகள் எலைசா ஜேனைத் தேடிக் கென்டக்கிக்குப் போனார். மகள் கிடைக்கவில்லை, விடுதலை பெற்ற வேறு பலரைத் தம் செலவில் கொலராடோவுக்கு அழைத்து வந்தார். மகள் கிடைத்தது 1882-ல், அயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸில். ஏலம் நடந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1885-ல் கிளாரா டென்வரில் இறந்தார். அடக்கம் செய்தவர்கள் கொலராடோ முன்னோடிகள் சங்கத்தார். அந்தச் சங்கத்தில் அவர் ஏற்கெனவே உறுப்பினர்.