கேம் ஆர்ட் படித்தால் நாள் முழுக்க கேம் ஆடலாமா?

ராமேஸ்வரத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். ஆட நேரமே இருக்காது. தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தை ஒரு கேமுக்காகக் கணினியில் உருவாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சுவரை நுணுக்கமாகச் செதுக்கி, கேம் திக்காமல் ஓட பாலிகான்களை, அதாவது உருவத்தை ஆக்கும் சிறு பலகோணத் துண்டுகளைக் குறைத்து, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்புவதுபோல் உருவின் மேற்பரப்பைத் தட்டையாக்கி (இதற்கு யூவி விரிப்பு என்று பெயர்), அப்புறம் உப்புக்காற்று அரித்த பவளக்கல்லின் ஓட்டைகளை டெக்ஸ்சராக, அதாவது மேற்பரப்புப் படமாகப் பூசுவது, படிப்பில் பாதி இதுதான். இதற்கான பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் இலவசம், இன்றைக்கே பழகலாம்.

தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (NID) பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் உண்டு, ஆனால் முதுநிலை. அதற்கு முன் ஐஐடியில் பி.டெஸ் என்ற இளநிலை வடிவமைப்புப் படிப்பில் சேர யூசீட் (UCEED) நுழைவுத்தேர்வு எழுதலாம், அதில் வரைதலும் இருக்கும். 'வேலை உறுதி' விளம்பரம் மட்டும் வேண்டாம் (நான் பணம் கட்டி ஏமாந்தவன்). சாயங்காலம் பாம்பன் கரையில் உட்கார்ந்து ஒரு வல்லத்தைப் பென்சிலால் வரையுங்கள், பெயின்ட் உரிந்த பக்கமாகப் பார்த்து.