நாய்களுக்குத் தெரிந்த மேடு

கேள்வி: மேலே கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, அடியில் பழைய ஊர் கிடப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (வாசகி, உறையூர்)

பதில்: தரைக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார் கருவி உண்டு. ஆனால் நகரத்தில் குடிநீர்க் குழாயும் கேபிளும் குறுக்கே நின்று குழப்பும். பாதி நேரம், வேறு எதற்கோ தோண்டப்போய்த்தான் தட்டுப்படுகிறது.

மெக்சிகோ நகரத்தில் அப்படித்தான். 1978 பிப்ரவரி 21 அன்று கேபிள் வேலைக்குப் பள்ளம் பறித்த மின்சார ஊழியர்கள், சுமார் 2 மீட்டர் ஆழத்தில் ஒரு வட்டக் கல்லில் முட்டிக்கொண்டார்கள். 3 மீட்டருக்கு மேல் அகலம், 8 டன் எடை. தலை, கை, கால் எல்லாம் தனித்தனியே துண்டாகிக் கிடக்கும் ஒரு பெண். இடுப்பில் பாம்புக் கச்சை, அதில் ஒரு மண்டையோடு. கன்னத்தில் மணி! அதை வைத்தே கோயோல்சாவ்கி என்று அடையாளம் சொன்னார்கள். தம்பி வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்ட தெய்வம்.

மலையடிவாரத்தில் விழுந்தவள் என்பதால், ஸ்பானியர்களுக்கு முன் அங்கே ஆண்ட அஸ்டெக்குகள் அவளைத் தங்கள் பெரிய கோயிலின் படிக்கட்டின் அடியில் வைத்திருந்தார்கள். அப்புறமென்ன, கல் கிடைத்ததும் அந்தக் கோயில் இருந்த இடம் உறுதியாகிவிட்டது. தொல்லியலாளர் எட்வர்டோ மாத்தோஸ் மொக்தேசுமா தலைமையில் 13 கட்டடங்களை இடித்துத் தோண்டினார்கள். 1521-இல் நகரத்தைப் பிடித்த ஸ்பானியர்கள் கோயிலைத் தரைமட்டமாக்கியிருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியதில் உள்ளே இருந்த பழைய கோயில்கள் தப்பித்துவிட்டன.

எனக்குப் பிடித்தது இதுதான்: அந்த இடத்துக்கு ஏற்கெனவே ‘நாய்த் தீவு’ என்று பெயர். சுற்றுப்புறத்தைவிடச் சற்று மேடு. மழைவெள்ளம் வந்தால் தெருநாய்கள் அங்கே போய் ஒதுங்குமாம். கோயிலின் ஒரு மூலையை 1914-லேயே மனுவேல் காமியோ என்பவர் பக்கத்தில் தோண்டி எடுத்திருந்தார். ஆனாலும் முழுக்கோயிலை வெளியே கொண்டுவர ஒரு கேபிள் பள்ளம் தேவைப்பட்டது.

எங்கள் ஊர் நத்தமேட்டில் சில்லாட்டத்துக்குப் பானை ஓடு பொறுக்கி, பாட்டியிடம் திட்டு வாங்கியவன் நான். அது ஏன் மேடாக இருக்கிறது என்று அப்போது யோசித்ததே இல்லை.

சரி, நீங்கள் உறையூர்க்காரர். சோழர் தலைநகர்மேலேயே குடியிருக்கிறீர்கள். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தார்கள். அடுத்து உங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டினால், கொட்டிய மண்ணை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடு கிடந்தால் எனக்கும் எழுதுங்கள்.