கட்டடம் வேண்டாம், பஸ் காசைக் கொடுங்கள்

வாசகர் கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர். எங்கள் ஊரிலிருந்து கனடா போனவர்கள் 25 இலட்சம் ரூபா சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) தாண்டாத பிள்ளைகள் 15 பேர் இருக்கிறார்கள்: பத்துப் பொடியங்கள், ஐந்து பெண் பிள்ளைகள். பெரும்பாலானோர் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஒரு தம்பிக்கு ஷெல்லில் இடது கை போய்விட்டது. இரண்டு பேரிடம் பிறப்புச் சான்றிதழே இல்லை. ஒரு பயிற்சி நிலையம் கட்டி, பெண்களுக்குத் தையல், பொடியங்களுக்கு மோட்டார் சைக்கிள் திருத்தம் பழக்கலாம் என்று யோசிக்கிறோம். சரியா?

பதில்:

அன்புள்ள செயலாளருக்கு, கட்டடத்தை விட்டுவிடுங்கள். 2009க்குப் பிறகு வன்னியில் எழுந்த பயிற்சிக் கட்டடங்களில் எத்தனை இன்று பூட்டிக் கிடக்கின்றன என்று உங்கள் பிரதேசத்தையே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கட்டடம் கட்டுவதற்குத்தான் பணம் கிடைக்கிறது. ஆசிரியருக்குச் சம்பளமும், பழுதான கருவிக்கு மாற்றும், கரண்ட் பில்லும் கொடுக்க இரண்டாம் வருடம் யாரும் வருவதில்லை. அதோடு, புதிய நிலையம் ஒன்றை மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்து, பாடநெறிக்கும் அங்கீகாரம் எடுத்தால்தான் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். அது ஓரிரு மாதத்தில் முடிகிற காரியமில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை), தொழில்நுட்பக் கல்லூரி என்று அங்கீகாரம் உள்ள இடங்கள் ஏற்கனவே இருக்கின்றன. அவர்களின் சான்றிதழையும் உங்கள் காசையும் சேர்ப்பதுதான் வழி.

அப்படியென்றால் காசு எங்கே போக வேண்டும்? பிள்ளைகள் இடையில் நின்றுபோவதற்கான காரணத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். கூலிக்குப் போகிற பிள்ளை அந்தக் கூலியால் வீட்டுக்கு அரிசி வாங்குகிறான். ஆறு மாதம் வகுப்பில் இரு என்றால், வீட்டில் அந்த அரிசி நின்றுபோகிறது. இரண்டாம் மாதம் கிணறு வெட்டவோ அறுப்புக்கோ ஆள் கூப்பிட்டால் போய்விடுவான். அவனைக் குறைசொல்ல முடியாது. ஆகவே பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 200 ரூபா, படியாக 500 ரூபா என்று வையுங்கள். மாதம் 22 நாள், ஆறு மாதம் என்றால் 132 நாள். ஒருவருக்கு 92,400 ரூபா, 15 பேருக்கு 13,86,000 ரூபா. உங்கள் பணத்தில் பாதிக்கு மேல். கனடாவில் உள்ளவர்களுக்கு இது கசக்கும், ‘சும்மா காசு கொடுக்கிறீர்களா’ என்பார்கள். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதியே அனுப்புங்கள். படியை வாராவாரம், வந்த நாளை எண்ணிக் கொடுங்கள். மாதக் கடைசிக்கு என்று வைத்தால், முதல் கிழமையிலேயே கடைக்காரரிடம் கடன் ஏறிவிடும்.

தொடங்கும் காலமும் முக்கியம். மாசி, பங்குனியில் காலபோக (மழைக்கால நெல்) அறுப்பு. கார்த்திகை, மார்கழியில் மழை, வெள்ளம். சித்திரைப் புத்தாண்டு கழித்துத் தொடங்குங்கள். பஸ் நேரத்தையும் பாருங்கள். கடைசி பஸ் நாலரைக்கு என்றால் வகுப்பு மூன்றரைக்கே முடிய வேண்டும். இருட்டில் பெண் பிள்ளை றோட்டில் நிற்க நேர்ந்தால், அடுத்த நாள் அவளை வீட்டில் விடமாட்டார்கள்.

இனித் தொழில். தையலும் மோட்டார் சைக்கிளும் என்பது எல்லாரும் முதலில் சொல்வது. அதனாலேயே யோசிக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமை ஒதுக்கி, பத்து கிலோமீற்றருக்குள் உள்ள கராஜ், வெல்டிங் கடை, தையல் கடை எல்லாவற்றுக்கும் போய் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த வேலையை ‘எங்களால் ஏலாது’ என்று திருப்பி அனுப்புகிறீர்கள்? எந்த வேலைக்கு ஆட்கள் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிறார்கள்? ஒரு பொடியனை வைத்துக்கொள்வீர்களா? ‘வேலை இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் மாவட்டத்தை வைத்துப் பார்த்தால், சிறிய எஞ்சின் திருத்தத்தைத் தவறவிடக் கூடாது என்பது எங்கள் எண்ணம். வயலில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), தோட்டத்தில் தண்ணீர் பம்ப், மருந்தடிக்கும் மெசின், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் படகுகளில் வெளியிணைப்பு எஞ்சின். மோட்டார் சைக்கிள் பழுதானால் ஆள் நடந்தாவது போவான். பயிர் வாடும்போது பம்ப் நின்றால் அன்றைக்கே காசு கொடுத்துத் திருத்துவான். சான்றிதழுக்கு மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டித் திருத்தத்தை எடுக்கலாம். சோறு போடுவது பம்பும் படகு எஞ்சினுமாக இருக்கும். எஞ்சினின் தத்துவம் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே பழக்க முடியும்.

பழக்கும்போது கரும்பலகை குறைவாகவும் மேசை கூடுதலாகவும் இருக்கட்டும். ஓடாத பழைய பம்ப் நாலு, ஓடக்கூடியது இரண்டு வாங்குங்கள். ஒரு எஞ்சினுக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஐந்து பேர் நின்றால் இரண்டு பேர் கழற்றுவார்கள், மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள், கடைசியில் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ் கிடைக்கும். ஒவ்வொருவரும் ஒரே எஞ்சினைக் குறைந்தது ஐந்து தடவை முழுதாகக் கழற்றிப் பூட்டி ஓட வைத்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதல் மாதத்திலேயே கைக்கு வர வேண்டியவை சில உண்டு. எஞ்சின் ஸ்டார்ட் வரவில்லை என்றால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது: நனைந்திருந்தால் எரிபொருள் போகிறது, நெருப்பு இல்லை, அல்லது எரிபொருள் மிதமிஞ்சிப் போயிருக்கிறது, காய்ந்திருந்தால் எரிபொருளே போகவில்லை. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். பம்புகளில் அதிகம் காணும் 160 சிசி ஹொண்டா வகைக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி உள்ளே போவதற்கு 0.15, வெளியே வருவதற்கு 0.20 மில்லிமீற்றர். இதை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கத் தெரியாமல் ‘கைப்பதம்’ பார்ப்பவரிடம் போன எஞ்சின் சில மாதத்தில் திரும்பி வரும். மண்ணெண்ணெயில் ஓடும் பம்பைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் கயிறு இழுத்து இழுத்துக் கை ஓயும். ‘எஞ்சின் போச்சு’ என்று கொண்டுவரப்படும் பம்ப் பலவற்றுக்கு நோய் இதுதான். எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு ஒழுக்கு, உறிஞ்சும் குழாயில் காற்று, அல்லது தண்ணீர் நிரப்பாமல் ஓட்டியதால் சீல் எரிந்தது. கிணற்றில் நீர்மட்டம் பம்பிலிருந்து ஏழு மீற்றருக்குக் கீழே போனால் எந்தத் திருத்தமும் உதவாது, அவ்வளவு ஆழத்திலிருந்து பம்பால் உறிஞ்ச முடியாது. இதைத் தெரியாத திருத்துநர் நல்ல பம்பைக் கழற்றிக் கெடுத்துவிடுவார்.

படகு எஞ்சினுக்குக் கடல் உப்புத்தான் எதிரி. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுவது, பக்கத்துச் சின்னத் துவாரத்தால் தண்ணீர் பீறவில்லை என்றால் உடனே நிறுத்தி, தண்ணீரைச் சுற்றவிடும் இம்பெல்லரைப் பார்ப்பது, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய்க் கலவையை அளந்து ஊற்றுவது. 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் ஊற்றும் பழக்கத்தில் ஒருநாள் பிஸ்டன் இறுகும். எந்த எஞ்சினுக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டைப் பார்த்தே ஊற்றச் சொல்லுங்கள். கையேடு ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், அளவுகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டு மாதம் இப்படி. அடுத்த நாலு மாதம் கராஜில். பெரும்பாலான திட்டங்கள் கோட்டை விடுவது இங்கேதான். கராஜ்காரருக்கு ஒரு பயம்: இவன் பழகி எனக்குப் பக்கத்திலேயே கடை போடுவான். அதனால் கழுவுவதும் தேத்தண்ணீர் வாங்குவதுமாகவே நாலு மாதமும் போகும். அவருக்கும் ஒரு தொகை கொடுங்கள், ஆனால் மூன்று தவணையாக. முதல் நாள் ஒரு பங்கு. இரண்டு மாதத்தில், 20 வேலைகள் எழுதிய பட்டியலில் பத்தையாவது பிள்ளை தானே செய்து காட்டிய பிறகு ஒரு பங்கு. மீதி கடைசியில். போய்ப் பார்ப்பவர் தொழில் தெரிந்தவராக இருக்கட்டும். உங்களைப் போல நல்ல மனம் மட்டும் உள்ளவர் போதாது, மன்னிக்கவும். பிள்ளை செய்த ஒவ்வொரு வேலையையும் திகதி போட்டு, படம் எடுத்து, கராஜ்காரர் கையெழுத்தோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கு அந்தக் கொப்பி பெரிய சாட்சி. என்.வி.கியூ. ஏழு மட்டம் கொண்டது, கைத்தொழிலுக்கு 3, 4 போதும். வகுப்பே போகாமல் வருடக்கணக்காக வேலை செய்தவர்களுக்கும் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் அதே சான்றிதழ் கிடைக்கும். உங்கள் 15 பேரில் ஏற்கனவே மேசன் வேலையோ வெல்டிங்கோ தெரிந்தவன் இருந்தால், அவனைப் புதிதாக வகுப்பில் இருத்தாமல் இந்த வழியில் அனுப்புங்கள். மதிப்பீட்டாளர் தமிழ் தெரிந்தவரா என்பதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தெரிந்த பதிலை மொழி தெரியாததால் சொல்ல முடியாமல் நிற்பது பெரிய கொடுமை.

கருவிப் பெட்டியை விழாவில் வைத்துக் கொடுக்காதீர்கள். வேலை தொடங்காத பிள்ளையின் பெட்டி அடகுக்குப் போகும். கராஜுக்குப் போகும் முதல் நாள் சின்னத் தொகுதி: 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர் ஸ்பானர்கள், 16, 21 பிளக் ஸ்பானர்கள், திருப்புளி இரண்டு வகை, ஃபீலர் கேஜ், மல்டிமீற்றர். ஆறு மாதம் உழைத்த பிறகு மீதி: ஃபிளைவீல் புல்லர், சேர்க்ளிப் குறடு, வால்வு ஸ்பிரிங் அழுத்தி. நட்டை அளவோடு இறுக்கும் டோர்க் ரெஞ்ச் ஒன்றை எல்லாருக்கும் பொதுவாகச் சனசமூக நிலையத்தில் வையுங்கள். மலிவு ஸ்பானர் வேண்டவே வேண்டாம். வாய் விரிந்து நட்டின் மூலையை உருட்டிவிடும், அந்த நட்டைக் கழற்ற அரைநாள் போகும்.

பெண் பிள்ளைகள் ஐந்து பேரையும் கேட்காமல் தையலில் போடாதீர்கள். ஆடைத் தொழிற்சாலை வேலைதான் நோக்கம் என்றால், தொழிற்சாலையே எடுத்துப் பழக்கும், உங்கள் காசு தேவையில்லை. வீட்டுத் தையல் என்றால் நேர்த்தையலில் வருமானம் இல்லை, வெட்டில்தான் வருமானம். சேலைச் சட்டையைச் சரியாக அளந்து வெட்டத் தெரிந்தவளிடமே ஆட்கள் போவார்கள். பாடசாலைச் சீருடைத் துணி அரசாங்கம் தருவதால் வருடத் தொடக்கத்தில் தைக்கக் கூட்டம் வரும், மற்ற மாதங்களுக்குச் சேலைச் சட்டை வேண்டும். பம்ப் திருத்தம் பழக விரும்புகிறவள் இருந்தால் இரண்டு பேராகச் சேருங்கள். ஒருத்தி தனியாகக் கராஜில் நிற்கச் சம்மதிக்கும் வீடுகள் குறைவு. ஓ.எல். மீண்டும் எழுதிச் சித்தியடையக்கூடிய பிள்ளைக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிலையத்தின் வாசல் திறக்கலாம். சேர்க்கைத் தகுதியையும் விடுதி வசதியையும் அங்கேயே விசாரியுங்கள். 15 பேரும் ஒரே ஊரில் பம்ப் திருத்தினால் யாருக்கும் பிழைப்பு இராது. ஏழெட்டுப் பேர் போதும், மற்றவர்கள் இருக்கிற நிலையங்களுக்கு உங்கள் பஸ் காசோடு போகட்டும்.

கை இழந்த தம்பியை ‘பாவம், காவலாளி வேலை பார்க்கலாம்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். மேசையில் பொருத்திய, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் அவனுக்கு மற்றக் கை. காபரேற்றர் சுத்தம், மின்சோதனை, மோட்டார் வைண்டிங் எல்லாம் மேசை வேலை. எந்த உயரத்தில் மேசை வேண்டும் என்று அவனையே கேட்டு அடியுங்கள். வெளிநாட்டுக்குப் படம் அனுப்பும்போது அவன் காயத்தை முன்னால் நிறுத்தாதீர்கள். யார் இயக்கத்தில் இருந்தார், யார் வீட்டில் யார் இல்லை என்று தனிப் பட்டியலும் போடாதீர்கள்.

இன்னொன்று, கட்டாயம். வெல்டிங், கிரைண்டர் பழகும் பிள்ளைகள் பயிற்சிக்குப் பழைய இரும்பு தேடுவார்கள். உங்கள் மண்ணில் அது உயிராபத்து. கடையில் வாங்கிய இரும்பைத் தவிர வேறெதையும் வெட்டவே கூடாது. அடையாளம் தெரியாத உலோகம், மூடிய குழாய், உருளை கண்டால் தொடாமல், இடத்தைத் தூரத்திலிருந்தே அடையாளப்படுத்தி 119க்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ சொல்ல வேண்டும். முதல் நாள் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும்.

படி போக மீதி 11,14,000 ரூபா. ஆசிரியர், பழைய எஞ்சின்கள், கராஜ்காரர் தவணை, கருவிகள் எல்லாம் இதற்குள் வர வேண்டும். அதில் இரண்டு இலட்சத்தை எடுத்துத் தனியே வையுங்கள், பயிற்சி முடிந்த அடுத்த வருடத்துக்கு. மாதம் ஒருமுறை ஒருவர் போய்ப் பார்ப்பதும், உதிரிப்பாகம் வாங்க முதல் இல்லாமல் முடங்கிய பிள்ளைக்குக் கைமாற்றாகக் கொடுப்பதும் இதிலிருந்து. அது இல்லாவிட்டால் வாராவாரம் தவணை வாங்கும் நுண்கடன்காரர் வீட்டு வாசலில் நிற்பார்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத இரண்டு பேரின் வேலையை இந்தக் கிழமையே தொடங்குங்கள். பிறப்புப் பதியப்பட்டு, இடப்பெயர்வில் காகிதம் மட்டும் தொலைந்தது என்றால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதியப்படவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவு. அதற்குக் கிராம சேவகரின் கடிதம், பாடசாலைப் பதிவேடு, தடுப்பூசி அட்டை என்று கிடைத்ததையெல்லாம் சேர்க்க வேண்டும், நாள் எடுக்கும். அதற்குப் பிறகுதான் அடையாள அட்டை. அடையாள அட்டை இல்லாமல் மதிப்பீட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனால் அங்கேதான் சிக்கல். வகுப்பு சித்திரையில் என்றால், அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவது தைக்குப் பிந்தக் கூடாது.