காலுறையும் கத்தியும்

கேள்வி: போர்க்காலப் பெண் தொண்டர்களை ஆளாளுக்குப் புகழ்ந்து எழுதுகிறார்களே! காலுறை பின்னியதையும் தேநீர் ஊற்றியதையும் வரலாறு என்று சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: அந்தத் தேநீரையே எடுத்துக்கொள்வோம். 1938-ல் பிரிட்டனில் தொடங்கிய பெண்கள் தொண்டர் சேவை அமைப்பினர், லண்டனில் குண்டு விழுந்த இரவுகளில் தெருவிலேயே வண்டியை நிறுத்தித் தேநீர் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. சீருடைகூடச் சொந்தக் காசில் வாங்கியதுதான். இது உங்களுக்கு இளப்பமாகத் தெரிந்தால் நான் என்ன செய்ய?

காலுறையை விட்டுவிட்டு அறுவைச் சிகிச்சை அறைக்கு வாருங்கள். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர டாக்டர் எல்சி இங்கிலிஸ், பெண் மருத்துவர்களைக் கொண்டு ராணுவத்துக்கு மருத்துவமனை நடத்தித் தருவதாக பிரிட்டிஷ் போர் அலுவலகத்திடம் சொன்னார். ‘வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்காருங்கள், அம்மா’ என்று அனுப்பிவிட்டார்கள். அவரா உட்காருகிறவர்! நன்கொடை திரட்டி பிரான்சுக்கும் செர்பியாவுக்கும் குழுக்களை அனுப்பினார். செர்பியாவுக்குத் தானே போய் எதிரிப் படையிடம் சிறைப்பட்டார்.

பாரிசுக்கு வடக்கே ருவாயோமோன் என்ற 13-ஆம் நூற்றாண்டு மடாலயம் பிரான்சுக்குப் போன குழுவுக்கு மருத்துவமனையாகக் கிடைத்தது. லிஃப்ட் இல்லை, காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கல் படிகளில் பெண்களே சுமந்து ஏறினார்கள். அறுத்துத் தைத்தவர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களும் பெண்கள்தான். பார்வையிட வந்த பிரெஞ்சு அதிகாரிகள் முதலில் ‘தேறாது’ என்றார்கள். குறைகளைச் சரிசெய்து 1915 ஜனவரியில் மறுபடி காட்டி அனுமதி வாங்கினார்கள். 1916-ல் பிரான்சின் சோம் நதிப் பகுதியில் பெரும் போர் மூண்டபோது அழுகத் தொடங்கிய கை கால்களோடு வந்தவர்களுக்கு இரவு பகலாகச் சிகிச்சை நடந்தது. போர் முடிவதற்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

எனக்கு உறுத்துவது புகழ்ச்சி அல்ல. பாராட்டிவிட்டுப் பாக்கியைக் கொடுக்காமல் நழுவுகிற அரசுகளின் சாமர்த்தியம்தான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தாமாக முன்வந்து ராணுவ விமானங்களை ஓட்டினார்கள். தரையிலிருந்து சுட்டுப் பழகும் வீரர்களுக்காக, இலக்குத் துணியை வாலில் கட்டி இழுத்துக்கொண்டு பறந்தவர்களும் உண்டு. சுட்டது நிஜக் குண்டு! சம்பளம் கொடுத்தார்கள், ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. 38 பேர் இறந்தார்கள். உடலை ஊருக்கு அனுப்ப உடன் பறந்த பெண்களே காசு சேர்க்க வேண்டியிருந்தது. சவப்பெட்டியில் தேசியக் கொடி போர்த்தும் உரிமையும் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதி 1977-ல்தான் வந்தது. அதுவரை அரசுக் கணக்கில் அவர்கள் வெறும் சிவிலியன்கள்.