சோலார் அப்புறம், முதலில் ஜன்னலும் குழாயும்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் 300 பேர் தங்கும் புது விடுதி கட்டப்போகிறோம். சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருக்க வேண்டும், கையிருப்போ குறைவு. கூரையில் சோலார் தகடு போட்டாலே போதும் என்கிறார்கள் குழுவில் சிலர். சரியா?

பதில்: சோலார் நல்லதுதான். ஆனால் அதை இரண்டு வருடம் கழித்தும் போடலாம். கூரைக்குத் தாங்கும் பலமும் கம்பி இறங்க வழியும் இப்போதே வைத்துவிடுங்கள். கட்டிய பிறகு திருப்ப முடியாதது கட்டடம் பார்க்கும் திசை.

அறை ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். உயரத்திலிருந்து விழும் வெயிலை ஒரு சன்ஷேடு தடுத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக நுழையும், அங்கே சன்ஷேடு உதவாது. மேற்கு ஜன்னல் தவிர்க்க முடியாததென்றால் தடுப்பை வெளியே வையுங்கள். உள்ளே திரை போட்டால் கண் கூசாது, அவ்வளவுதான். கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் அறையில்தான் தங்கும்.

அடுத்தது வெந்நீர். இதில்தான் விடுதிகள் அதிகம் கோட்டைவிடுகின்றன. நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிடம் குளித்தால் 96 லிட்டர். 7 லிட்டர் ஷவர் என்றால் 56. மிச்சமாகும் 40 லிட்டரை 20 டிகிரி சூடேற்ற ஹீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். அதை 300 பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். வெந்நீர்த் தொட்டி குளியலறைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 15 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 20 மீட்டர் ஓடினால் அதற்குள் மூன்றரை லிட்டர் ஆறிப்போய் நிற்கும். முதலில் குளிக்க வருபவர் அத்தனையையும் சாக்கடைக்குத்தான் விடுவார்.

பெரும்பாலும் மின்கட்டணம் விடுதிக் கட்டணத்திலேயே அடங்கிவிடுவதால், யார் எவ்வளவு செலவழிக்கிறார் என்பது யாருக்கும் தெரிவதில்லை. இதை வைத்து மாணவர்களுக்கு அக்கறையில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 2005-ல் இரண்டு வாரம் விடுதிகளுக்கிடையே போட்டி வைத்து, மின்செலவைக் காட்டினார்கள்; சில விடுதிகளில் உடனுக்குடன். மின்சாரப் பயன்பாடு 32 சதவீதம் குறைந்தது. 'விளக்கை அணைக்கவும்' என்று எழுதி ஒட்டுவதைவிட, வயரிங் போடும்போதே மாடிக்கு ஒரு மீட்டர் கேளுங்கள். அது காட்டும் எண்ணை எல்லோரும் நடமாடும் படிக்கட்டருகே தெரியவிடுங்கள்.

விடுமுறையில் பாதி விடுதி காலியாகும். ஒவ்வொரு மாடியையும் தனியே அணைத்து மூட சுவிட்சும் வால்வும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். மூடிய மாடியைத் திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா கிருமி வளரும், எனவே மாணவர்கள் வருமுன் எல்லாக் குழாய்களையும் திறந்து பழைய தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிடுங்கள்.